நான்கு சட்டி மண்

மே 18, ஞாயிறு

மிக்ஸி ஜாரின் அடி ரப்பர் போய்விட்டது. சட்னி மேடை முழுவதும் பரவியது. துடைத்துக்கொண்டிருக்கும்போது சொக்கு பேசினான். என் தம்பி சொக்கலிங்கம் போன் செய்தால் ஒன்று தீபாவளியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றான். திருமங்கலத்துக்கு வெளியே வீடு கட்ட மனை பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டானாம். வெள்ளிக்கிழமை குழி பார்க்கிறார்கள். நான் வந்து மண் போட வேண்டும்.

எங்கள் சனத்தில் வீடு கட்டுவதற்கு முன் குழி பார்ப்பது வழக்கம். மனையில் ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு மூடுவார்கள். மண் மிஞ்சினால் நல்ல மனை. சரியாக நின்றால் பரவாயில்லை. குறைந்தால் குடும்பத்துக்கு ஆகாது. மண்ணைப் போடுவது அந்த வீட்டில் பிறந்த பெண். அப்பா அம்மா இப்போது இல்லை, அவர்களுக்கு நாங்கள் இரண்டே பேர். ஆகவே நான்.

“அழகர்சாமி மாமா ஒத்துக்கிட்டாரா?” என்று கேட்டேன். அவர் சொக்குவின் மாமனார். மனையைப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். நான் புருஷனை விட்டு வந்தவள் என்பதால், அவர் மகளும் சொக்குவின் மனைவியுமான வேணியின் வளைகாப்பில் என்னை வளையல் போட விடாமல் “நீ பந்தியக் கவனி தாயி” என்று அனுப்பி வைத்தவர்.

“அதெல்லாம் நான் பேசிக்கிட்டேன். நீ வாக்கா” என்றான்.

நான் வேளாண்மைக் கல்லூரியில் மண் இயற்பியல் நடத்துகிறேன். ஒரு குழியில் மண் போட எனக்குத் தகுதி உண்டு.

மே 21, புதன்

இரண்டாம் ஆண்டுக்கு வகுப்பு. கரும்பலகையில் ஒரு கட்டம் வரைந்து மூன்றாகப் பிரித்தேன். அடியில் திண்மம், நடுவில் நீர், மேலே காற்று. மண் என்றால் இந்த மூன்றும்தான், திண்மத்தின் எடை எங்கும் போகாது, மாறுவதெல்லாம் நடுவிலுள்ள இடைவெளிதான் என்றேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் கொட்டாவி விட்டாள். நியாயம்தான். மதியம் இரண்டு மணிக்கு யாருக்கு இடைவெளியில் அக்கறை?

நீலப் பட்டுப்புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். குழிக்கு எதற்குப் பட்டு என்று எனக்கே தெரியவில்லை.

மே 23, வெள்ளி

மண் குறைந்துவிட்டது.

மே 24, சனி

நேற்று எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மனை நன்றாகத்தான் இருக்கிறது, மேலாகப் பார்த்தால். சிவப்பு கிராவல் அடித்துச் சமப்படுத்தி, மூலைக்கு மூலை மஞ்சள் பூசிய கல் நட்டிருக்கிறார்கள். பின்னால் பாதி இடிந்த செங்கல் சூளை ஒன்று நிற்கிறது. ஈசானி மூலையில் சொக்குவே குழி வெட்டினான். மண்வெட்டிக்கு வேலையே இல்லை, மண் பொதபொதவென்று வந்தது. ஒரு சாணுக்குக் கீழே சிவப்பு போய்க் கறுப்புக் கட்டிகள். கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே விரல் நுழையும் சந்து. ஓட்டாஞ்சில், வெந்த செங்கல் துண்டு, ஒரு பிஸ்கட் கவர். அப்போதே எனக்குச் சந்தேகம்.

ஐயர் மந்திரம் சொன்னார். முதல் மூன்று பிடியை நான் கையால் போட்டேன். பிறகு சொக்கு சட்டி சட்டியாக அள்ளித் தர, நான் வாங்கிக் கொட்டினேன். கட்டியெல்லாம் உதிர்ந்து இறங்கியது. கடைசிச் சட்டியும் போன பிறகு குழி நான்கு விரல் ஆழத்துக்கு அப்படியே திறந்து கிடந்தது.

பிறகு மாமாவின் தங்கை பேச்சியம்மாள், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, “வாழாத கைய வச்சா மண்ணு மட்டும் எப்பிடிண்ணே நெறையும்?” என்றார். நல்ல கணீரென்ற குரல் அவருக்கு.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் வெளிப்படை. இறுகிய நிலத்தைத் தோண்டினால் மண் உப்பும். அதனால் எடுத்த இடத்திலேயே அடங்காமல் மிஞ்சும். ஏற்கெனவே கொட்டி நிரப்பிய மண் என்றால் உள்ளே சந்தும் பொந்துமாக இருக்கும். தோண்டிப் போடும்போது கட்டி உடைந்து சந்தை அடைத்துக்கொள்ளும், மண் குறையும். இது மனை இல்லை. சூளைக்கு மண் எடுத்த பள்ளத்தை மூடி, மேலே சிவப்பு பவுடர் போட்டிருக்கிறார்கள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். கிளம்பும்போது, என் மாதிரிப் பையில் எப்போதும் கிடக்கும் உலோக வளையத்தை, குழியோரத்தில் சிவப்பை ஒரு சாண் விலக்கி, கீழேயுள்ள கறுப்பில் அடித்து இறக்கி ஒரு மாதிரி மட்டும் எடுத்துக்கொண்டேன். “எதுக்குத் தாயி? தாயத்துக்கா?” என்றார் மாமா.

மே 26, திங்கள்

ஒரு நாள் முழுக்க நூற்றைந்து டிகிரியில் ஓவனில் வைத்து உலர்த்திய மாதிரியை நிறுத்தேன். வளையத்தின் கொள்ளளவு நூறு மில்லி. உலர்ந்த மண் நூற்றுப் பதினான்கு கிராம். வீடு தாங்கும் நிலத்தில் அதே வளையத்தில் நூற்றறுபதாவது இருக்கும். கணக்குப் போட்டால் அந்த மனையில் நூற்றுக்கு ஐம்பத்தேழு பங்கு வெற்றிடம். பாதிக்கு மேல் காற்றை வாங்க முன்பணம் கொடுத்திருக்கிறான் என் தம்பி.

ஆய்வகம் காலியாக இருந்தது. என் வலது கையையும் தராசில் வைத்துப் பார்த்தேன். முழங்கையோடு சேர்த்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல். கையை இறுக்கமாகவும் தளர்வாகவும் வைத்துப் பார்த்தேன். எண் நின்ற இடத்தில் நிற்கவில்லை. இதைச் சோதனையாகக் கொள்ள முடியாது.

மே 27, செவ்வாய்

மாமாவுக்குப் போன் செய்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “தாயி, நீ பாக்குறது பயிரு மண்ணு. இது வீட்டு மண்ணு. லேஅவுட் என்ஜினியர் வந்து பாத்துட்டு, அஞ்சடுக்கு மாளிக தாங்கும்னுட்டாரு” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “ஒன் மனசு சங்கடம் எனக்குத் தெரியுது. அதுக்காக நெலத்தக் கொற சொல்லாத” என்றார்.

என் கையைக் காப்பாற்றத்தான் நிலத்தைப் பழிக்கிறேன் என்று நினைக்கிறார். இப்போது நான் எத்தனை எண் சொன்னாலும் அது சாக்குதான். கோபம் வந்தது. போனை வைத்துவிட்டு வீடு முழுக்க ஒட்டடை அடித்தேன்.

மே 29, வியாழன்

சொக்கு பேசினான். கன்னி மூலையில் இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐயர் சொல்லிவிட்டாராம். மறுபடியும் நான்தான் போட வேண்டுமாம்.

“வேற யாரையாவது போடச் சொல்லுடா. வேணியோட தங்கச்சி இருக்காள்ல” என்றேன்.

“எங்கப்பன் வீட்டுல பொறந்தது அவளா நீயா?” என்று போனை வைத்துவிட்டான். தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டுவான்.

சரி, போகிறேன். ஆனால் கொக்கித் தராசோடு போகிறேன். வெளியே வரும் மண், உள்ளே போகும் மண் இரண்டையும் எல்லார் முன்னாலும் நிறுத்துக் காட்டினால், குறைந்தது மண்ணும் இல்லை, என் கையும் இல்லை, இடைவெளிதான் என்று கண்ணுக்குத் தெரியும்.

மே 30, வெள்ளி

மண் மிஞ்சிவிட்டது.

வேணி ஓடிவந்து கட்டிக்கொண்டு, “மதினி, ஒங்க கையிதான் மதினி!” என்று அழுதாள். பேச்சியம்மாள் என் நெற்றியில் குங்குமம் வைத்தார். மாமா, “பாத்தியா, அன்னைக்கி நேரஞ் சரியில்ல. அம்புட்டுதான்” என்று எனக்கு ஒரு இட்லி கூடப் போடச் சொன்னார். அடுத்த வெள்ளி கல் ஊன்றுகிறார்கள். வைகாசி போனால் ஆனி, ஆடி. அதனால் அவசரம்.

சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், மிகவும் சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. வெளியே வந்த மண் நூற்றெட்டு கிலோ. உள்ளே போட்டதும் மிஞ்சியதும் சேர்த்து நூற்று நாற்பது. தராசைச் சரிபார்க்க வேண்டும்.

மே 31, சனி

இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தராசில் தொங்கவிட்டேன். இருபத்தைந்து காட்டியது. தராசு சரி.

மதியம் பஸ் பிடித்துப் போய், குழியருகே மிஞ்சிக் குவிந்திருந்த மண்ணை ஒரு பிடி அள்ளி வந்தேன். சலித்ததில் அரிசி அளவில் நத்தை ஓடுகள். கண்மாய் வண்டல். அந்த மனையில் நான் பார்த்த எந்தக் கட்டியிலும் நத்தை இல்லை.

நேற்று குழி வெட்டி முடித்ததும் எல்லாரும் பந்தலுக்குள் காப்பி குடிக்கப் போனோம். சொக்கு மட்டும் வரவில்லை. வயிறு சரியில்லை என்றான்.

ஜூன் 1, ஞாயிறு

அவன் கடைக்கே போனேன். நத்தை ஓடுகளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். பார்த்தான். கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைக்காமலே, “நாலு சட்டிதான்க்கா” என்றான்.

“ஏன்டா?”

“பின்ன? எத்தன நாளைக்கி ஒன்னையவே சொல்லுவாய்ங்க? வளையல் போடாத, ஆரத்தி தட்டுல கைய வைக்காதன்னு. மண்ணுமா கொறயணும்? முந்துன நாள் பொழுதுசாய கண்மாயில அள்ளி சிமிட்டிச் சாக்குல கொண்டாந்து வச்சிட்டேன்.”

“அடியில பூராம் காத்துடா. வீடு எறங்கிரும்.”

“எறங்குனா எறங்கட்டும்.”

“செவுரு பிளந்துரும். பிள்ளைகள வச்சிக்கிட்டு எப்பிடி இருப்ப?”

“பூசிக்கிறேன்” என்றான்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பத்து வருடமாக என் தம்பிக்கு என் மேல் பாசம் வற்றிவிட்டது என்று நினைத்திருந்தேன். அது மட்டமான கணிப்பு. கடை வாசலில் ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்று அழுதேன். பிறகு உள்ளே போய் அவன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினேன். பொய்த் தரவு கொடுத்ததற்கு என் மாணவனாக இருந்தால் பெயிலாக்கியிருப்பேன்.

மாமாவிடம் உண்மையைச் சொல்கிறேன் என்றதற்கு, “சொல்லு. ‘அக்காளும் தம்பியும் சேந்து ஏமாத்துறாய்ங்க’ம்பாரு. மூணாவது தடவ குழி பாத்துக் கொறஞ்சா, ஒங் கையிதான்னு முடிவு கட்டிருவாரு. வீடு என்னமோ அங்கதான் கட்டுவாரு. வேற யாராச்சும் மண்ணு போடுவாக. அம்புட்டுதான்” என்றான்.

அவன் சொன்னது சரிதான். அவர்களைத் தடுக்க எண் உதவாது.

ஜூன் 3, செவ்வாய்

விடைத்தாள் திருத்தினேன். “பரும அடர்த்தி என்றால் என்ன?” என்ற கேள்விக்கு ஒருவன் “பருமனானவர்களின் அடர்த்தி” என்று எழுதியிருக்கிறான். அரை மதிப்பெண் போட்டேன். மனசு சரியில்லாதபோது திருத்தக் கூடாது.

ஜூன் 5, வியாழன்

யோசித்து முடித்துவிட்டேன். அவர்கள் எண்ணை நம்புவதில்லை. என் கையை நம்புகிறார்கள். அப்படியானால் என்னிடம் இருக்கிற வலுவான சான்று கைதான்.

நீலப் பட்டையே கட்டிக்கொண்டு போகலாம். இரவு ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

கல் ஊன்றப் பந்தல் போட்டிருந்தார்கள். செங்கல்லுக்குச் சந்தனம் வைத்துத் தயாராக இருந்தது. நான் ஐயரிடம் போய், “சாமி, மூலையில ரெண்டு தரம் பாத்தோம், ஒண்ணு கொறஞ்சது, ஒண்ணு மிஞ்சுச்சு. நடுமனையில ஒரு தரம் பாத்துட்டா மனசுக்குத் திருப்தியா இருக்கும்ல?” என்றேன். ஐயருக்கும் அது நியாயமாகப் பட்டது. மாமாவுக்கு என் கை இப்போது ராசியான கை. அதனால் அவரும் தடை சொல்லவில்லை.

சொக்கு என்னைப் பார்த்தான். மண்வெட்டியை எடுக்க வெகுநேரம் பிடித்தது அவனுக்கு. வெட்டி முடித்ததும் எல்லாரும் காப்பிக்குப் போனார்கள். நான் போகவில்லை. மண் குவியலின் பக்கத்தில் பட்டுப்புடவையோடு மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வேணி அங்கேயே டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம் என்றேன்.

“அக்கா, எந்திரி” என்றான் சொக்கு மெதுவாக. வேப்பமரத்தடியில், போன தடவை மிஞ்சிய கண்மாய் மண்ணோடு சிமெண்ட் சாக்கு இரண்டு தெரிந்தது.

“மாட்டேன்.”

“சொன்னாக் கேளுக்கா.”

“போடா.”

எல்லார் முன்னாலும் மூன்று பிடி போட்டேன். பிறகு சட்டி சட்டியாகக் கொட்டினேன். ஒரு துளி மண்ணும் சிந்தாமல் கடைசியில் குவியல் இருந்த இடத்தைக் கையால் வழித்தும் போட்டேன். குழி ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகத் திறந்து நின்றது. நான் எதிர்பார்த்ததைவிட மோசம். நடுவில் பள்ளம் இன்னும் ஆழம் போலிருக்கிறது.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. “என்ன தாயி இது? மண்ணா, கையா?” என்றார்.

இதற்குத்தான் வந்திருந்தேன்.

“கையிதான் மாமா” என்றேன். “ரெண்டு மூலையிலயும் பட்ருச்சு, இப்ப நடுவுலயும் பட்ருச்சு. இனிமே யாரு வந்து போட்டாலும் அடியில எங் கை பட்ட மண்ணுதான் கெடக்கும். அதைக் கழுவ முடியாது. இதுக்கு மேல பேரப்பிள்ளைகளக் குடிவைக்கிறதும் வைக்காததும் ஒங்க இஷ்டம்.”

சொக்கு “அக்கா!” என்று கத்தினான். நான் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உடைந்திருப்பேன்.

பேச்சியம்மாள்தான் முதலில் எழுந்தார். நெஞ்சில் கை வைத்து, “அண்ணே, இந்த மனை நமக்கு வேணாம்ணே” என்றார். சந்தனம் வைத்த செங்கல்லைக் காரில் ஏற்றினார்கள். என்னை யாரும் சாப்பிடச் சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஜூன் 7, சனி

மிக்ஸி ஜாருக்கு ரப்பர் வாங்கினேன். அளவு சரியில்லை.

ஜூன் 20, வெள்ளி

லேஅவுட்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்து, அதற்குப் பதிலாகப் பாறைமேட்டுப் பக்கம் மனை தருகிறேன் என்றிருக்கிறார். வேணி சொன்னாள். மொட்டை மாடிக்குப் போய் ரகசியமாகப் பேசுகிறாள். என்னோடு பேசக் கூடாது என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறாராம்.

சொக்கு பேசவில்லை. கோபமாக இருப்பான். இருக்கட்டும். பிளவு விடாத வீட்டில் உட்கார்ந்து கோபப்படட்டும்.

ஜூலை 19, சனி

நேற்று திருமங்கலம் பக்கம் மழை கொட்டித் தீர்த்தது. அந்த மனையின் நடுப்பகுதி முழங்கால் ஆழத்துக்கு உள்வாங்கிவிட்டதாம். பக்கத்து மனைக்காரர் கட்டிய சுற்றுச்சுவர் சாய்ந்துவிட்டது. மாமா நேரில் போய்ப் பார்த்திருக்கிறார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை. இப்போதாவது போன் செய்வார், “நீ சொன்னது சரிதான் தாயி” என்பார் என்று. போன் வந்தது, வேணியிடமிருந்து. அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“‘அந்தப் பிள்ள கை பட்ட எடம் பூமியே உள்வாங்கிருச்சு பாத்தியா’ன்னாரு மதினி.”

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சொக்கு பேசினான். இரண்டரை மாதம் கழித்து.

“வெள்ளிக்கெழம புது மனையில குழி பாக்குறோம்.”

“சந்தோஷம்.”

“வேணி தங்கச்சி மண்ணு போடுறா. நீ அந்தப் பக்கம் வரப்படாதுன்னு மாமா சொல்றாரு.”

“சரிடா” என்றேன். வேறென்ன சொல்ல? நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தீர்ப்புதானே.

“அதனால வியாழக்கெழமையே வந்துரு. காலையில ஆறு மணிக்கி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்.”

ஆகஸ்ட் 28, வியாழன்

மனையில் நாங்கள் இருவர் மட்டும்தான். சூடம் கொண்டுவந்தவன் தீப்பெட்டியை மறந்துவிட்டான். சாமி அப்படியே கும்பிட்டோம்.

சொக்கு வெட்டினான். மண்வெட்டி இரண்டு தரம் துள்ளியது, கடப்பாரையைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கீழே வரை ஒரே செம்மண், சரளைக் கல்லோடு கல்லாகப் பின்னிக் கிடந்தது. ஒரு முழம் இறங்குவதற்குள் அவன் பனியன் நனைந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. கஷ்டப்பட்டு வெட்ட வேண்டிய நிலம்தான் தாங்கும்.

மூன்று பிடி போட்டேன். பிறகு அவன் அள்ளித் தந்தான். குழி நிறைந்தது, அதற்கு மேலும் மண் இருந்தது. கொட்டக் கொட்டக் கூம்பாக ஏறி, வழிந்து, என் காலைச் சுற்றி விழுந்தது.

“நாளைக்கி இந்த எடத்துல வெட்டிராத” என்றேன். “ஒரு தரம் கௌறுன மண்ணு. கொறஞ்சிரும். பத்தடி தள்ளி வெட்டு. அவ கையாவது பேர் கெடாம இருக்கட்டும்.”

“தெரியும்க்கா. மாமா எங்க வேணா வெட்டட்டும். வாசப்படி இங்கதான் வருது.”

மண்வெட்டியைத் துடைத்து வைத்தான். பிறகு என் பையைப் பார்த்தான்.

“தராசு எங்கக்கா?”

“கொண்டாரல.”

“அப்ப நான் ராத்திரியே வந்து மண்ணு கலந்துருந்தா?”

“கலந்தியா?”

“இல்ல.”

“சரி” என்றேன்.

மிஞ்சிய மண்ணை இரண்டு பேரும் காலால் பரப்பிவிட்டு, டீ குடிக்கப் போனோம்.